ஏழு நாளைக்கு மட்டும்

என் ஜன்னல் ஒரு சாண் உயரம்.
அதற்குள் முகம் வராது, கைதான் வரும்.
எண்ணூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்பது வருஷமாய்
கைகளுக்கு மருந்து கொடுக்கிறேன்.

உப்பில் வெடித்த கை. கிரீஸ் போகாத கை.
அனல்மின் சாம்பல் ரேகைக்குள் ஏறிய கை.
சம்பூரணத்தின் கை தனியாய்த் தெரியும்:
முகத்துவாரச் சேற்றில் தடவித் தடவி இறால் பிடித்து
விரல் நுனியெல்லாம் முள் குத்திய புள்ளி.

தையில் வந்தாள், உடம்பு வலி.
மாசியில் தலை பாரம், இரண்டு தடவை.
அப்புறம் நெஞ்செரிச்சல், அப்புறம் பசியில்லை,
அப்புறம் மறுபடி வலி. எங்கே?
"எங்கன்னு சொல்லத் தெர்ல சார்."
சீட்டில் தடவைக்கு ஒரு கையெழுத்து,
தடவைதோறும் அதே பாராசிட்டமால், அதே பி காம்ப்ளெக்ஸ்.
வரிசையில் நூற்றி நாற்பது பேர்.
ஆளுக்கு இரண்டு நிமிஷம்.

சித்திரையில் நான் பார்த்தது இதுதான்:
புள்ளிகள் ஆறிவிட்டன.
நகங்கள் சுத்தமாக இருந்தன.
தண்ணியில எறங்கி எத்தனை நாளாச்சு என்றேன்.
"எறங்கி இன்னாத்துக்கு" என்றாள்.
கேள்வி மாதிரி இல்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய்
புதிதாய் வந்த டாக்டர் நிலோஃபரிடம் விரித்தேன்.
பதினொரு தடவை, ஒரே பெயர்.
ரத்தம் சரி, சர்க்கரை சரி, தைராய்டு சரி.
என் வேலை இல்லை இது என்று அவர் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. மறுநாள்
நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்.

எங்கள் இருவர் அறைக்கும் நடுவே பாதிச் சுவர்.
கேட்காதவன்போல் அட்டைகளை எண்ணினேன்.
ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டலயா?
விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுதா?
நம்மளால எல்லாருக்கும் பாரம்னு தோணுதா?
சம்பூரணம் "ம்" என்றாள். "ம்" என்றாள்.
"பொட்டச்சி இதெல்லாம் சொல்லிகினு இருக்க முடியுமா" என்றாள்.

ஒன்பதாவது கேள்வியை டாக்டர் குரல் தாழ்த்தாமல் கேட்டார்,
உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது?
பதில் வந்த நேரம் பார்த்து
துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி ஒன்று
சுவரை உலுக்கிக்கொண்டு போனது.
எனக்குக் கேட்கவில்லை.
டாக்டருக்குக் கேட்டது.

"கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவியாம்மா?"
"இல்ல. இங்கதான். செவ்வாய்க்கிழமை வாங்க.
கூட யார் வருவா?"
நெடுநேரம் கழித்து, "தங்கச்சி."

ஜன்னலுக்கு வந்த சீட்டில் ஒரு புது மாத்திரை.
ஏழு நாளைக்கு மட்டும்.
'மட்டும்' கீழே இரண்டு கோடு.
கோட்டின் அர்த்தம் எனக்குத் தெரியும்.
ஏழை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
அட்டையைத் தங்கச்சி கையில் கொடுத்தேன்.

அன்று ராத்திரி அந்தக் கேள்வித் தாளின் நகல்
என் சட்டைப் பையில் இருந்தது.
மனைவி தூங்கியபின் நானும் நிரப்பிப் பார்த்தேன்.
கூட்டினால் எவ்வளவு வந்தது என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

முதல் செவ்வாய், ஒன்றுமில்லை.
இரண்டாவது, "இன்னும் மோசமாக் கீது."
மூன்றாவது வாரம் ஆளே வரவில்லை.
நர்ஸ் பிரிஸ்கில்லா வீடு தேடிப் போனார்.
"வேல செய்ய வலிக்குது அவளுக்கு" என்றானாம் புருஷன்.
ஆமாம், வலிக்குது, அதான் வந்தேன் என்று
அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்,
உலையில் அரிசி போட்டு அவள் எழுந்து வரும்வரை.

ஆறாவது செவ்வாய்.
தங்கச்சிக்கு முன்னால் நீண்டது கை.
"வாய் காயுது சார் இந்த மாத்ரைக்கு.
இன்னா மாத்ர குடுக்கறீங்க நீங்க?
டாக்டரம்மாவாண்ட சொல்லிட்டேன், உன்னாண்டயும் சொல்றேன்."
பின்னால் வரிசை சிரித்தது.
ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி, புதுசு,
ஓரத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.
டிங்க்சர் வேணுமா என்றேன்.
"இதுக்கெல்லாமா" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

சீட்டில் கோடு அப்படியேதான் இருந்தது.
ஏழு எண்ணினேன்.